மரையும் யானையும்: வேட்டைக்காரர் விரும்பிய விலங்குகள்

அம்பாறை என்றதும் இன்று எம் நினைவிற்கு வருவன கச்சேரியும், கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்த நெல்வயல்களும், நேர்கோடாய்ச் செல்லும் வாய்க்கால்களுமே. ஆயின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அஃதொரு பட்டினமன்று. ஆங்கிலேய வேட்டைக்காரர் தங்கி இளைப்பாறிச் செல்லும் காட்டிடமாகவே இருந்தது. கல்முனை, காரைதீவு, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய எம் ஊர்களிலிருந்து மேற்கே நடந்தால் முதலில் வட்டை, அடுத்து வில்லும் புல்வெளியும், அப்பால் வானளாவிய காடு என்றிருந்த காலம் அது. அக்காட்டினுள் ஆங்கிலேயன் புகுந்தான். எம்மூர் வெடிகாரர் புகுந்தனர். அவர்களுக்கெல்லாம் முன்னரே வேடர் அங்கு வாழ்ந்தனர். மூவரும் வேட்டையாடினர், எனினும் மூவரும் ஒரே விலங்கை விரும்பினாரல்லர். ஒருவன் தேடிச் சென்றதை மற்றவன் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. இதன் காரணம் யாது என்பதே இக்கட்டுரையில் யாம் ஆராயப் புகுந்த பொருள்.

வேட்டையை ஒரு பெரும் பொழுதுபோக்காக இன்றும் சட்டப்படி நடத்திவரும் நாடுகளுள் அமெரிக்கா முதன்மையானது. அங்கு மிகப் பெரும்பாலோர் விரும்பும் பெருவிலங்கு எதுவென வினவினால், கரடி என்றோ காட்டெருமை என்றோ நாம் எண்ணக்கூடும். உண்மையில் அது வெண்வால் மான். வாலின் அடிப்புறம் வெண்மையாயிருத்தலின் அப்பெயர் பெற்றது. அஞ்சி ஓடுங்கால் அவ்வாலைக் கொடிபோல் உயர்த்திக் கொண்டோடும். பிறந்த ஊருக்கு அருகிலேயே, சோளக்கொல்லையின் ஓரத்திலேயே கிடைப்பது, இறைச்சி சுவையானது, ஆண்டுதோறும் உதிர்ந்து முளைக்கும் கிளைக்கொம்பு சுவரில் மாட்டத் தக்கது, மோப்பமும் செவியும் மிகக் கூரியவையாதலின் எளிதில் அகப்படாதது. கைக்கெட்டும் தூரத்திலிருந்தும் கைக்கெட்டாததொன்றையே வேட்டைக்காரன் பெரிதும் விரும்புகிறான் போலும். அதற்கடுத்து அவர்கள் நாடுவது மலைநாட்டில் வாழும் எல்க் என்னும் பெருமான். இலையுதிர் காலத்தில் அதன் ஆண் குழலூதுவதுபோல் கூவும். அக்குரலைப் போலி செய்து அதனை அருகழைப்பதே அங்கு ஒரு தனிக்கலை. மூஸ் என்பது மானினத்துள் உலகிலேயே மிகப் பெரியது. ஒன்றை வீழ்த்தினால் ஒரு குடும்பத்திற்குப் பனிக்காலம் முழுவதற்கும் இறைச்சி உண்டு.

இங்கே ஒரு சொல்லின் விந்தைப் பயணத்தைக் கூறாமல் அப்பாற் செல்ல மனம் வரவில்லை. ஐரோப்பாவில் எல்க் என்பது மூஸ் விலங்கின் பெயர். அமெரிக்காவிற் குடியேறிய ஆங்கிலேயர் அங்கிருந்த வேறொரு பெருமானுக்கு அப்பெயரை இட்டனர். இலங்கைக்கு வந்த ஆங்கிலேயரோ எம் மரையைக் கண்டு அதனையும் எல்க் என்றே அழைத்தனர். மூன்று கண்டங்களில் மூன்று விலங்குகளுக்கு ஒரே பெயர்! தாம் வேட்டையாட விரும்பிய பெருமான் எதுவாயினும் அது எல்க் என்பதே அன்னோர் கருத்தாயிற்று. தமிழ்நாட்டார் கடமான் என்றும் மிளா என்றும் கூறும் இவ்விலங்கை நாம் இன்றளவும் மரை என்னும் பழந்தமிழ்ப் பெயராலேயே வழங்கி வருகின்றோம் என்பது குறிப்பிடத்தக்கது.

மரையைப் பற்றிச் சற்று விரித்துக் கூறுதல் வேண்டும். எம் காட்டில் யாவராலும் ஒருங்கே விரும்பப்பட்ட விலங்கு அதுவொன்றே. நன்கு வளர்ந்த கலை தோளளவில் நாலடி உயரம் நிற்கும். புள்ளிமான் கூட்டமாய்ப் பகலிலும் திறந்த வெளியிலே மேயும். மரையோ தனித்தோ இரண்டு மூன்றாகவோ திரியும், இருட்டியபின் வெளிவரும், விடியுமுன் காட்டுக்குள் மறையும். சேற்றிற் புரளுவதிலும் நீரில் நிற்பதிலும் அதற்குப் பெருவிருப்பு. அபாயம் உணர்ந்தால் காலால் நிலத்தை உதைத்து, வெண்கலம் தட்டியதுபோல் ஓரொலி எழுப்பும். அது கேட்டமாத்திரத்தில் அப்பகுதிக் காடு முழுவதும் விழித்துக்கொள்ளும். ஆகவே மரையை வீழ்த்த விரும்புபவன் காற்றுத் திசையறிந்து, மடுவருகே மரத்திற் பரணிட்டு, நிலாவெளிச்சத்தில் இருமலையும் அடக்கிக்கொண்டு இராமுழுதும் காத்திருத்தல் வேண்டும். இறைச்சி மிகுதியாய்க் கிடைக்கும்; தோல் தடித்தது; கொம்பு கத்திப்பிடிக்கு உகந்தது. மான்தோலும் மரைக்கொம்பும் கப்பலேறிப் பிறநாடு சென்ற காலமும் ஒன்றிருந்தது. ஒரு விலங்கை வேட்டையாடத் தூண்டும் காரணங்கள் அத்தனையும் ஒன்றிற் கூடினால் அதன் கதி யாதாகும் என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

மரைவேட்டையை உலகறியச் செய்தவர் சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர். நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்று புகழ்பெற்ற அதே பேக்கர்தான். அதற்கு முன்னர் அவர் நுவரெலியாவில் பண்ணையமைத்துப் பல ஆண்டுகள் வாழ்ந்தார். மலைநாட்டில் அவர் மரையைத் துப்பாக்கியாற் சுடுவதை இழிவாகக் கருதினார். வேட்டை நாய்களை ஏவி, மலையேறியும் ஓடையிறங்கியும் துரத்தி, ஈற்றில் ஆற்றுநீரில் நாய்களை எதிர்த்து நிற்கும் கலையைக் கத்தி ஒன்றினாலேயே முடித்தார். 1854 இல் வெளிவந்த அவருடைய நூலின் பெயரே துப்பாக்கியையும் வேட்டைநாயையும் குறிப்பதாகும். பதுளைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே, நீலகல முதலிய இடங்களைச் சூழ, மரங்கள் ஆங்காங்கே நிற்கும் புல்வெளியை ஆங்கிலேயர் பூங்கா நாடு என்றழைத்தனர். பேக்கரும் அங்கு வந்து வேட்டையாடினார். இன்றைய கல்லோயா தேசிய வனம் அதன் கிழக்கு ஓரத்தை அடுத்ததேயாம்.

எம்மூர் வெடிகாரருக்கு நாயும் கத்தியும் குதிரையும் விளையாட்டல்ல. கேப் துவக்கொன்றும் சூள் ஒன்றும் கையிற்கொண்டு, வேளாண்மை வெட்டு முடிந்த ஓய்வுக்காலத்தில் காட்டுக்கு ஏகியவர் அவர். அவர் தேடியது பெயரையன்று, கறியை. ஆயின் எந்தக் கறி என்பதை முடிவு செய்தது காடன்று. அவரவர் சமயமும் மரபுமே. இக்கரையோரத்தில் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்பவராதலின் இது மிகத் தெளிவாய்க் காணக் கிடைக்கிறது.

முஸ்லிம் வேட்டைக்காரருக்குப் பன்றி முற்றாக விலக்கு. கோரைப்பல்லால் இரைபிடிக்கும் சிறுத்தை போன்றனவும் விலக்கு. மானும் மரையும் எருமையும் முயலும் காட்டுக்கோழியும் ஆகும். ஆகுமென்றாலும் ஒரு கட்டுப்பாடுண்டு. இறைவன் பெயர் கூறியே வெடி தீர்த்தல் வேண்டும். வெடிபட்ட விலங்கு உயிருடனிருப்பின் பிஸ்மில்லாஹ் கூறி அறுத்தல் வேண்டும். குண்டின் மோதலால் இறந்துபட்டது ஆகுமா என்பதில் மார்க்க அறிஞரிடையே பேச்சு உண்டு. ஆதலின் பேணுதல் மிக்கோர் அறுக்காத இறைச்சியை வீட்டுள் கொண்டுசெல்லார். இதன் பயன் என்னவெனின், தொலைவிலிருந்து மனம்போனபடி சுடுதல் அவர்க்கு உதவாது. விலங்கு வெகுதூரம் ஓடிப் புதரில் வீழ்ந்து இறந்தால் வெடிமருந்தும் வீண், இரவும் வீண். கிட்டநின்று சுட்டு, விழுந்த இடத்துக்கு உடனே ஓடி அறுக்கத் தக்க விலங்கையும் இடத்தையுமே அவர் தேர்ந்தனர். சமயவிதி ஒன்று வேட்டைக்காரனின் குறியையும் ஒழுங்கையும் இவ்வாறு திருத்தியமை எமக்கு வியப்பையளித்த செய்தி.

சைவருள்ளோ வேறு கணக்கு. எருமையும் மாடும் பெரும்பாலார்க்கு விலக்கு. ஆகவே காட்டெருமையை அவர் நாடவில்லை. வயலை உழுதெறியும் காட்டுப்பன்றி அவர் பங்கு. முஸ்லிம் போடியாரின் வயலில் நள்ளிரவில் வந்த பன்றியைத் தமிழ்க் காவற்காரன் சுட்டுக் கொண்டுபோதலும், இருவர் கூடிச் சென்ற வேட்டையில் மரைக்கறி இரு வீட்டிலும் மணத்தலும் வழமையாயிருந்தன. பங்கிடுதலிற் பிணக்கு எழ இடமில்லாதவாறு சமயங்களே பங்கிட்டுக் கொடுத்துவிட்டன. இறைவனுக்கே இறைச்சி படைத்த கண்ணப்பரை அடியாராகவும், வேடர்குலத்து வள்ளியைத் தெய்வமாகவும் கொண்ட எமக்கு வேட்டை அந்நியமன்று. மகோற்சவ காலத்தில் ஆலயங்களில் நடைபெறும் வேட்டைத் திருவிழாவைச் சிறுவயதில் வேடிக்கை பார்த்தவர்தாமே நாமெல்லாம்.

வேடரைப் பற்றி ஒன்று. அவர்க்குப் பெருவிலங்கு ஒன்றே வேட்டையன்று. உடும்பும் குரங்கும் அவர் விருப்பத்துக்குரியன; மரையும் மானும் வில்லுக்கு அகப்பட்டபோது கிடைத்த பெருவிருந்து. மிஞ்சிய இறைச்சியை உலர்த்தித் தேனில் இட்டுச் சேமித்த அவர்தம் முறையைப் பலரும் எழுதியுள்ளனர். யானையை அவர் உண்ணவில்லை. யானை வரும் வழியில் அவர் நிற்கவுமில்லை.

அப்படியாயின் யானையை விரும்பியவர் யார்? இவ்விடத்தில்தான் வேட்டை தன் வயிற்றுக் காரணத்தை இழந்து வேறொன்றாகின்றது. இலங்கை யானைகளுட் கொம்பன் மிகச் சில, ஆண்களுள்ளும் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானவற்றுக்கே தந்தம் உண்டு, ஏனையவை அலியன்கள். ஆகவே தந்தத்துக்காக இங்கு யானை சுடப்பட்டது என்பது பொருந்தாது. இறைச்சியும் எவர்க்கும் வேண்டியதில்லை. ஆங்கிலேயன் வேண்டியது அந்தக் கணத்தையே: எதிர்த்து ஓடிவரும் மலைபோன்ற உருவத்தின் நெற்றியில், சில அடி தூரத்தில் நின்று, ஒரே குண்டில் மூளையைத் துளைத்தல். வீழ்ந்தபின் வாலை வெட்டி எடுத்துச் செல்வர். உடல் அங்கேயே அழுகும். பதுளையில் அரசாங்க உத்தியோகத்தராயிருந்த மேஜர் றொஜேர்ஸ் ஆயிரத்திற்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் எனப் பெயர்பெற்றார். 1845 இல் அப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். அவர் கல்லறை நுவரெலியாவில் உள்ளது. கொன்ற பாவம் இடியாய் வந்தது என ஊரார் பேசிக்கொண்டதில் வியப்பில்லை.

அரசும் இதற்குத் தூண்டுகோலாயிற்று. பயிரழிக்கும் விலங்கெனக் கருதி, யானைத் தலைக்கு இத்தனை சிலிங் எனப் பணம் கொடுத்தது. 1848 இற்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்துள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 யானைகளுக்கும், 1851 முதல் 1856 வரை தென் மாகாணத்தில் 2,000 யானைகளுக்கும் இவ்வாறு பணம் வழங்கப்பட்டதென எமர்சன் தெனென்ற் எழுதியுள்ளார். தீவு முழுவதிலும் இருந்த யானைகளின் தொகை, 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, 5,879 மாத்திரமே என்பதை இவ்வெண்களோடு ஒப்பிட்டுப் பார்க்க.

இவ்வெறிக்கு நேரெதிராய் எம் கிழக்குக் கரையில் இன்னொரு யானைவேட்டை நிகழ்ந்தது. அதனை எம் மாணவர் பலர் அறியார். அது பணிக்கர் என்னும் முஸ்லிம் வேட்டைக்காரருடையது. ஏறாவூர், மூதூர் முதலிய இடங்களைச் சேர்ந்த இவர்கள் யானையைக் கொன்றாரல்லர், உயிருடன் பிடித்தனர். பிடிக்கப்பட்டவை பழக்கப்பட்டுத் தென்னிந்திய மன்னர்களுக்கு விற்கப்பட்டன. இவர்தம் ஆயுதம் மான்தோலாலோ எருமைத்தோலாலோ திரித்த கயிறு ஒன்றே. இருவர் சேர்ந்து செல்வர். அடிச்சுவட்டையும் ஒடிந்த கிளையையும் கண்டே முன்சென்ற யானையின் அளவையும் அது சென்ற நேரத்தையும் கூறுவர். காற்றுக்கெதிராய் ஊர்ந்து சென்று, நின்றுகொண்டிருக்கும் யானையின் பின்னங்கால் சற்றே எழும் கணத்தில் ஒருவன் சுருக்கை இடுவான். மற்றவன் அக்கணமே கயிற்றின் மறுதலையை மரத்தில் சுற்றுவான். சினந்து திரும்பும் யானையின் முன்னே ஒருவன் ஆரவாரித்து அதன் கருத்தைத் தன்பால் ஈர்ப்பான். பின்னர் அடுத்த காலுக்கும் சுருக்கு விழும். இவர் விரும்பிய யானை, ஆங்கிலேயன் விரும்பிய யானையன்று. அவனுக்குச் சினங்கொண்ட தனியன் வேண்டும். இவர்க்கோ குறையற்ற உடலும் பழக்கத்தக்க இளமையும் கொண்ட யானை வேண்டும். தெனென்ற் போன்ற ஆங்கிலேயரே இவர் திறனைக் கண்டு வியந்து எழுதினர். துணிவு என்பதை நெற்றிக்குண்டால் அளப்பதா, வெறுங்கையால் இட்ட சுருக்கால் அளப்பதா என்று கேட்டால் எம் வாக்கு பணிக்கருக்கே.

ஏனையவற்றைச் சுருங்கக் கூறுவோம். காட்டெருமையை வேட்டைக்காரர் அஞ்சியே மதித்தனர். குண்டுபட்டும் வீழாது, பதுங்கிக் காத்திருந்து தாக்கும் இயல்பு அதற்குண்டு. மின்னேரியாவில் ஒருமுறை குண்டெல்லாம் தீர்ந்துபோகப் பேக்கர் தம் சட்டைப்பையிலிருந்த சில்லறை வெள்ளிக்காசுகளைத் துணியிற் சுற்றித் துவக்கிலே திணித்துச் சுட்டுத் தப்பிய கதை பெயர்போனது. எம் பக்கத்திலோ காட்டெருமைக்கும் பட்டியிலிருந்து பிரிந்து அலையும் எருமைக்கும் வேறுபாடு காண்பது கடினம். வயல் மிதிக்கவும் தயிருக்கும் எருமை வளர்த்த நாடாயிற்றே. குறிசுட்டதா இல்லையா என்று பார்த்தறியுமுன் வெடி தீர்த்தவன் மறுநாள் எருமைக்காரனுக்குப் பதில் சொல்ல நேரும். சிறுத்தை தோலுக்காகச் சுடப்பட்டது. புலியும் சிங்கமும் இல்லாத இத்தீவில் அதுவே வனத்தின் அரசு. கரடியை விரும்பியவர் மிகச் சிலர். ஆனால் காட்டுவாசி எவரைக் கேட்டாலும், காட்டில் எதிர்ப்பட வேண்டாத விலங்கு எதுவென்றால் யானைக்கு முன்னர்க் கரடியையே சொல்வர். முகத்தையே குறிவைத்துப் பிறாண்டுவது அதன் வழக்கம்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். விரும்பியவரே காவலராவது உலகெங்கும் நிகழ்ந்த விந்தை. அமெரிக்காவில் கோடிக்கணக்கில் இருந்த பைசன் எருமை 1880 களின் இறுதியில் ஆயிரத்துக்கும் குறைந்தது. 1887 இல் தியோடோர் றூஸ்வெல்ற் முதலிய வேட்டைக்காரரே கூடி விலங்குகளைக் காக்கச் சங்கம் அமைத்தனர். 1937 இல் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கப்பட்ட வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்கே செலவிடும் சட்டம் பிறந்தது. 1900 அளவில் ஏறத்தாழ 5 இலட்சமாய் இருந்த வெண்வால் மான் இன்று 3 கோடியளவில் உண்டு. இலங்கையிலும் 1891 இல் யானை, எருமை முதலியவற்றை வீணே அழிப்பதைத் தடுக்கச் சட்டம் வந்தது. 1894 இல் வேட்டைக்கார வெள்ளையர் சங்கம் அமைத்தனர். 1900 இல் யால ஒதுக்குவனமாயிற்று. அதன் முதற் காவலராய் 1908 இல் அமர்ந்தவர் எங்கெல்பிறெக்ற் என்னும் போயர் யுத்தக்கைதி. அமெரிக்காவில் அவ்வரிச்சட்டம் பிறந்த அதே 1937 இல்தான் எமது விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் பிறந்தது.

ஆயினும் வழிகள் பிரிந்தன. அங்கு வேட்டைக்காரன் அனுமதிச்சீட்டு வாங்கிப் பணம் கொடுக்கிறான், மான் பெருகுகிறது. இங்கோ மானும் மரையும் யானையும் சிறுத்தையும் சுடுதல் குற்றம். காட்டுப்பன்றி போன்ற சில மாத்திரமே அப்பாதுகாப்புக்குப் புறம்பானவை. அமெரிக்க முறையை இங்கும் கொணர்ந்தாலென்ன என்று சிலர் கேட்பதுண்டு. யாம் அதற்கு உடன்படோம். பெருநிலப்பரப்பில் விரைந்து பெருகும் மானுக்குப் பொருந்தும் கணக்கு, 65,610 சதுர கிலோமீற்றர்த் தீவில், இருபத்திரண்டு மாதம் சூல் சுமந்து ஒரு கன்று ஈனும் யானைக்குப் பொருந்துமாறில்லை.

மேலும் துவக்கு மாத்திரமே காட்டை வெறுமையாக்கவில்லை. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தால் பட்டிப்பளையாறு இங்கினியாகலையில் மறிக்கப்பட்டுச் சேனநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. வேட்டைக்காரரின் தங்குமிடம் பட்டினமாயிற்று. 1961 இல் மட்டக்களப்பினின்று பிரிந்த மாவட்டத்தின் தலைநகருமாயிற்று. மரை நீரருந்திய மடுக்கள் பல வயலாயின. குளத்தின் நீரேந்து பரப்பைக் காக்க 1954 இல் கல்லோயா தேசிய வனம் அமைந்தது. அங்கு யானைகள் தீவுக்குத் தீவு நீந்திச் செல்வதை இன்றும் படகிலிருந்து காணலாம். 1970 இல் குமனவும் 1980 இல் லாகுகலையும் தேசிய வனங்களாயின. கதிர்காமப் பாதயாத்திரையில் உகந்தை கடந்து செல்வோர் மானையும் மரையையும் காண்பது அவ்வழியிலேதான்.

ஆனால் யானைக்கு எல்லைக்கல் தெரியாது. வெட்டுக்காலம் வந்தால் சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வட்டைகளிலும் காவற்பரணில் இரா விழித்திருப்போர் யானைவெடியும் தீப்பந்தமும் கையுமாய் இருக்கின்றனர். ஒரு போகத்தின் கடன் முழுவதும் அந்த ஓர் இரவில் மிதிபட்டுப் போகக்கூடும். அவர் கோபத்தை யாம் குறைகூறோம். ஆயின் பூசணிக்காயினுள் வெடிமருந்து வைத்து வாயைச் சிதைக்கும் கொடுமையை எவ்வேட்டை மரபும் ஏற்றதில்லை. 2023 ஆம் ஆண்டில் மாத்திரம் 450 இற்கு மேற்பட்ட யானைகளும், 150 இற்கு மேற்பட்ட மக்களும் நாடெங்கும் மடிந்தனர். இவ்வாறு யானையைக் கொல்பவர் எவரும் அதனை விரும்பிக் கொல்லவில்லை.

இம்மாவட்டத்திலேயே பள்ளக்காடு என்னும் இடத்தில் அயலூர்க் குப்பைகளைக் கொட்டும் மேடொன்றுண்டு. யானைக்கூட்டம் அங்கு வந்து, சோற்றுப் பொதியோடு பொலித்தீனையும் பிளாத்திக்கையும் சேர்த்து விழுங்குகின்றது. 2022 தொடக்கத்தில் வெளியான செய்திகளின்படி, அதற்கு முந்திய எட்டாண்டுகளில் ஏறக்குறைய இருபது யானைகள் அவ்வாறு இறந்தன. உடற்கூற்றுச் சோதனையில் வயிற்றினுள் காணப்பட்டவை எம் கடைத்தெருக்களில் நாள்தோறும் கைமாறும் அதே பைகளே.